காத்திருக்க முடியாத ராஜா



சவுல் ராஜாவைப்பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அநேகமாக எல்லாவற்றிலும் அவன் ஈட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தாவீதைத் துரத்துகிறவனாகத்தான் வருவான். ஆனால் 1 சாமுவேல் 9ஆம் அதிகாரத்திலிருந்து நிதானமாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். இந்த மனுஷன் கெட்டவனாக ஆரம்பிக்கவே இல்லை. ஈட்டி எல்லாம் பிற்பாடுதான் வந்தது. அவன் விழுந்தது அதற்கு வெகு முன்னாலே, வெளியே யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஒரு காரியத்தில்.

சவுல் பென்யமீன் கோத்திரத்தான். தகப்பன் பேர் கீஸ், செல்வாக்குள்ள மனுஷன். ஊர் கிபியா. அந்த ஊருக்கு ஏற்கெனவே கெட்ட பேர் உண்டு. நியாயாதிபதிகள் புஸ்தகத்தின் கடைசி மூன்று அதிகாரங்களைப் பாருங்க. கிபியாவில் நடந்த ஒரு அக்கிரமத்தினால் மற்றக் கோத்திரங்களெல்லாம் திரண்டு வந்து யுத்தம்பண்ணி, கடைசியில் பென்யமீனில் மிஞ்சினது 600 புருஷர். அவர்களுக்கு யாபேஸ் கீலேயாத் என்ற ஊரிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து விவாகம் செய்துவைத்துத்தான் அந்தக் கோத்திரம் பிழைத்தது. (யாபேஸ் என்கிற இந்தப் பேரை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.) அப்படிப்பட்ட கோத்திரத்தில், அப்படிப்பட்ட ஊரிலிருந்து கர்த்தர் இஸ்ரவேலின் முதல் ராஜாவை எடுத்தார். நாமாயிருந்தால் எடுத்திருப்போமா?

எருசலேமுக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில் தெல் எல்-ஃபுல் என்று ஒரு மேடு இருக்கிறது. அதுதான் கிபியா என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்லுகிறார்கள். ஆல்பிரைட் என்கிற அமெரிக்க அறிஞர் 1922லும் 1933லும் அங்கே தோண்டி, ஒரு பழைய கோட்டையின் அஸ்திபாரத்தைக் கண்டார். அது சவுலுடைய கோட்டை என்று அவர் எண்ணினார். பின்வந்தவர்கள் எல்லாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு விசேஷம் என்னவென்றால், 1960களில் ஜோர்தான் ராஜாவாகிய ஹுசேன் அதே மேட்டில் தனக்கு ஒரு அரண்மனை கட்டத் தொடங்கினார். 1967ல் யுத்தம் வந்தது. கட்டிடம் பாதியிலே நின்றுபோயிற்று.

சவுலின் கதை கழுதைகளில் ஆரம்பிக்கிறது. கீசின் கழுதைகள் காணாமற்போயின. மகனையும் ஒரு வேலைக்காரனையும் தேட அனுப்பினார். மூன்று நாளாக மலைநாடெல்லாம் சுற்றினார்கள், கிடைக்கவில்லை. தகப்பன் கழுதையை விட்டுவிட்டு நம்மைக்குறித்துக் கவலைப்படுவாரே, திரும்பிப் போகலாம் என்று சவுல் நினைத்தான். நல்ல பிள்ளை பாருங்க! அப்பொழுது அந்த வேலைக்காரன்தான், பக்கத்து ஊரில் ஒரு தேவனுடைய மனுஷன் இருக்கிறார், போய்க் கேட்கலாம் என்றான். காணிக்கை கொடுக்க சவுல் கையில் ஒன்றுமில்லை. வேலைக்காரனிடம் கால்சேக்கல் வெள்ளி இருந்தது. ராஜ்யத்துக்குப் போகிற வழியில் ராஜாவின் செலவுக்கு வேலைக்காரனுடைய காசு!

ஆனால் அதற்கு முந்தின நாளே கர்த்தர் சாமுவேலுடைய காதில், நாளைக்கு இந்நேரத்தில் ஒருவன் வருவான் என்று சொல்லியாயிற்று. சமையற்காரன் ஒரு பங்கை எடுத்து வைத்தாயிற்று. சவுலுக்கு இது ஒன்றும் தெரியாது. அவன் தேடினது கழுதையை. பிரியமானவர்களே, அலைச்சல் என்று நாம் நினைக்கிற நாட்களில் கர்த்தர் நமக்குச் சாப்பாட்டுப் பங்கு வரைக்கும் எடுத்து வைத்திருக்கிறார். சவுல் பிற்பாடு இதை ஒரு தடவை நினைத்துப் பார்த்திருந்தால் போதும், அவன் சரித்திரமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

சாமுவேல் தைலக்குப்பியை எடுத்து அவன் தலையில் வார்த்தார். சொன்ன அடையாளங்கள் அந்த நாளிலே நடந்தன. தேவன் அவனுக்கு வேறே இருதயத்தைக் கொடுத்தார். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தாரைச் சந்தித்தபோது தேவஆவி அவன்மேல் இறங்கி, அவனும் தீர்க்கதரிசனம் சொன்னான். ஆகையால் சவுல் அபிஷேகம் பெறாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா துருவித் துருவிக் கேட்டும் கழுதை விஷயத்தைச் சொன்னானே தவிர ராஜ்யபாரத்தைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. மிஸ்பாவில் சீட்டு அவன் பேரில் விழுந்தபோது ஆளைக் காணோம், தளவாடங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டிருந்தான்! ஜனங்களெல்லாரும் அவன் தோளுக்குக் கீழே. அவ்வளவு உயரமானவன் மூட்டை முடிச்சுக்குள் ஒளிந்தால் எப்படி மறையும்? சிலபேர் இவனா நம்மை ரட்சிப்பான் என்று அசட்டைபண்ணினார்கள். அவன் காது கேளாதவன்போல் இருந்தான்.

ராஜாவான பிறகும் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் அவன். அம்மோனியனாகிய நாகாஸ் யாபேஸ் கீலேயாத்தை முற்றிக்கை போட்டு, எல்லாருடைய வலதுகண்ணையும் பிடுங்கினால்தான் சமாதானம் என்று சொன்ன செய்தி வந்தபோது, சவுல் மாடுகளின் பின்னாலே வயலிலிருந்து வருகிறான். தேவஆவி அவன்மேல் இறங்கினது. 3,30,000 பேர் ஒருமனப்பட்டுப் புறப்பட்டார்கள். மறுநாள் வெயில் ஏறுகிறதற்குள் யாபேஸ் தப்பிற்று. முன்னே அவனை அசட்டைபண்ணினவர்களைக் கொன்றுபோட ஜனங்கள் துடித்தார்கள். சவுல் விடவில்லை. கர்த்தர் ரட்சிப்புத் தந்த நாளில் ஒருவனும் சாகக்கூடாது என்று தடுத்துவிட்டான். இவ்வளவு அருமையான ஆரம்பம் வேதத்தில் எத்தனை பேருக்கு உண்டு?

அப்புறம்தான் கில்கால்.

பெலிஸ்தர் மிக்மாசில் வந்து பாளயமிறங்கினார்கள். 30,000 இரதங்கள், 6,000 குதிரைவீரர், கடற்கரை மணலைப்போல ஜனம். இஸ்ரவேல் தேசத்தில் ஒரு கொல்லன்கூடக் கிடையாது. கலப்பை மண்வெட்டி தீட்டக்கூட பெலிஸ்தரிடம்தான் போகவேண்டும். அன்றைக்குச் சவுலுக்கும் யோனத்தானுக்கும் தவிர ஒருவன் கையிலும் பட்டயமில்லை, ஈட்டியுமில்லை. ஜனங்கள் குகைகளிலும் முட்செடிகளுக்குள்ளும் குழிகளிலும் ஒளிந்துகொண்டார்கள். சிலர் யோர்தானைக் கடந்து ஓடியேபோனார்கள். சாமுவேலோ, ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலி செலுத்தி, நீ செய்யவேண்டியதைச் சொல்லுவேன் என்று முன்னமே சொல்லியிருந்தார்.

சவுல் காத்திருந்தான். இதை நாம் நியாயமாகச் சொல்லவேண்டும். முதல் நாள் காத்திருந்தான், மூன்றாம் நாள் காத்திருந்தான், ஆறாம் நாளும் காத்திருந்தான். ஒவ்வொரு காலையும் எழுந்து எண்ணிப் பார்த்தால் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஏழாம் நாளும் வந்தது, சாமுவேலைக் காணோம். பலியை இங்கே கொண்டுவா என்றான். சர்வாங்க தகனபலியைச் செலுத்தி முடித்தான். சமாதான பலி இன்னும் பாக்கியிருக்கிறது. சாமுவேல் வந்து நிற்கிறார்!

எவ்வளவு நேரம்? ஒரு பலி செலுத்துகிற நேரம்தான். அவ்வளவுதான் அவனுக்கும் கர்த்தருடைய வேளைக்கும் நடுவே இருந்த தூரம்.

அவன் விக்கிரகத்துக்குப் பலியிடவில்லை. கர்த்தருக்குத்தான் பலியிட்டான். ஜெபம்பண்ணவேண்டும் என்ற எண்ணத்தில்தான் செய்தான். சாமுவேல் கேட்டபோதும் அதைத்தான் சொன்னான்: ஜனங்கள் சிதறுகிறார்கள், நீர் வரவில்லை, பெலிஸ்தர் வருகிறார்கள், ஆகையால் துணிந்து செய்துவிட்டேன் என்றான். மூன்று காரணமும் உண்மைதான், ஒன்றுகூடப் பொய்யில்லை. நம்முடைய கீழ்ப்படியாமைக்கு நாம் சொல்லுகிற காரணங்களும் முக்கால்வாசி உண்மையாகத்தான் இருக்கும். மகளுக்கு வயசாகிறது, விசுவாசி வீட்டிலிருந்து வரன் வரவில்லை என்பது உண்மை. கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மைகளுக்கு மேலே கர்த்தருடைய வாக்கு ஒன்று நிற்கிறதே, அதை என்ன செய்வது? சவுல் அன்றைக்கு மாத்திரம் கீழ்ப்படிந்திருந்தால் அவன் ராஜ்யம் என்றைக்கும் நிலைத்திருக்கும் என்பதே கர்த்தருடைய சித்தமாயிருந்தது என்று சாமுவேல் சொன்னார் (1 சாமு. 13:13). அவ்வளவு பெரிய திட்டம் அந்த ஒரு சாயங்காலத்தில் கைநழுவிப்போயிற்று.

மீதி எத்தனைபேர் என்று எண்ணிப்பார்த்தான். ஏறக்குறைய 600. அடேயப்பா, கிதியோனுக்கு 300 போதுமாயிருந்ததே! இவனுக்கு அதில் இரட்டிப்பு. அடுத்த அதிகாரத்தில் கர்த்தர் 600 பேரைக்கூடப் பயன்படுத்தவில்லை. யோனத்தானும் அவன் ஆயுததாரியும், இரண்டே பேர், பாறையில் கையாலும் காலாலும் தொத்தி ஏறினார்கள். பூமி அதிர்ந்தது, பெலிஸ்தர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். ஆள் குறைகிறது என்று சவுல் பதறினான். ஆள் கணக்கே அங்கே வேண்டியதாயிருக்கவில்லை.

அமலேக்கியர் காரியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலில் இளைத்துப்போய்ப் பின்தங்கினவர்களை அவர்கள் பின்னாலிருந்து வெட்டினார்கள் (உபா. 25:17-19). எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு அந்தக் கணக்கைத் தீர்க்கும்படி கர்த்தர் சவுலுக்குக் கட்டளையிட்டார். ஒன்றையும் மீதியாக வைக்கக்கூடாது. குழந்தைகள்கூட அந்தக் கட்டளையில் இருக்கிறார்கள். வாசிக்கக் கடினமான பகுதி இது. வாலிபப் பிள்ளைகள் இதைக்குறித்துக் கேட்டால் அதட்டி வாயை அடைக்காதீர்கள். அது ஒரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு ஒரு தடவை கொடுக்கப்பட்ட நியாயத்தீர்ப்பு. சிலுவைக்குப் பிறகு அதை எடுத்து யார்மேலும் பிரயோகிக்க நமக்கு உத்தரவில்லை என்று சொல்லிக்கொடுங்கள்.

சவுல் போனான், ஜெயித்தான். ஆனால் ஆகாக் ராஜாவை உயிரோடே வைத்தான், ஆடுமாடுகளில் கொழுத்ததை எல்லாம் தப்பவிட்டான். மட்டமானதை மாத்திரம் அழித்தான். நமக்கு வேண்டாததை விடுகிறது எளிதுதானே! கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பமும் நாட்டினான். தளவாடத்துக்குள் ஒளிந்த அந்தக் கூச்சமுள்ள பிள்ளை எங்கே போனான்?

சாமுவேல் அந்த இராமுழுவதும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததும் சவுல் ஸ்தோத்திரத்தோடே எதிர்கொண்டு வருகிறான். கட்டளையை நிறைவேற்றிவிட்டதாகச் சாட்சி சொல்லுகிறான். பின்னாலே ஆடு கத்துகிறது! பலியிட வைத்திருக்கிறோம் என்றான், ஜனங்கள் செய்தார்கள் என்றான். ஆயிரம் ஆட்டுக்கடாவைப் பலியிட்டாலும் சொன்ன சொல்லைக் கேட்கிறதற்கு அது ஈடாகாது என்பதைச் சாமுவேல் அங்கேதான் அவனுக்குச் சொன்னார்.

பாவஞ்செய்தேன் என்று சவுலும் அறிக்கையிட்டான். தாவீதும் பிற்பாடு நாத்தானுக்கு முன்பாக அதே வார்த்தையைச் சொன்னான். தாவீதின் பாவம் சின்னதா? உரியாவின் ரத்தம் அவன் கையில் இருந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? சவுல் அறிக்கையிட்ட கையோடே ஒன்று கேட்டான்: மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும், என்னோடே கூட வாரும் என்றான். ராஜ்யம் போனது அவனுக்கு வலித்தது, சபையார் முன்பாக முகம் வாடிப்போகக்கூடாது என்று தவித்தான். கர்த்தர் போனதைப்பற்றி ஒரு கண்ணீர் இல்லை. ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் பேச்சைக் கேட்டேன் என்று தன் வாயாலே ஒப்புக்கொண்டானே, அந்தப் பயம் கடைசிவரைக்கும் அவனை விடவில்லை.

அதற்குப் பிறகும் அவன் வெகுகாலம் சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்தான். இதைத்தான் நாம் கவனிக்கிறதில்லை. கர்த்தருடைய ஆவி அவனைவிட்டு நீங்கினார். கிரீடமோ தலையில் இருந்தது, சேனை இருந்தது, பந்தி நடந்தது. தாவீதைக் கொல்லத் தேடி நாயோத்துக்குப் போன அன்றைக்குக்கூட ஆவியின் வல்லமை அவன்மேல் இறங்கி, அவன் இராப்பகல் விழுந்துகிடந்து தீர்க்கதரிசனம் சொன்னான் (1 சாமு. 19:23,24). எழுந்த பிறகு திருந்தினானா? இல்லை. மறுபடியும் தாவீதைக் கொல்லத்தான் பார்த்தான். காத்திருப்புக் கூட்டத்தில் விழுகிறதையும் நிரம்புகிறதையும் வைத்தே ஒருவருடைய ஜீவியத்தை அளக்கிற நம்மைப்போன்ற பெந்தெகொஸ்தே ஜனங்கள் இந்த இரண்டு வசனங்களையும் முழங்காலில் நின்று வாசிக்கவேண்டும்.

நோப் பட்டணத்தில் நடந்ததைப் பாருங்கள். தாவீதுக்கு அப்பமும் கோலியாத்தின் பட்டயமும் கொடுத்ததற்காக ஆசாரியனாகிய அகிமெலேக்கைச் சவுல் கூப்பிட்டனுப்பி, எல்லா ஆசாரியரையும் வெட்டச் சொன்னான். காவற்சேவகர் கையை நீட்ட மறுத்தார்கள். ஏதோமியனாகிய தோவேக்கு வெட்டினான், 85 பேர். அதோடு விடவில்லை. நோப் ஊரின் புருஷர், ஸ்திரீகள், பிள்ளைகள், கைக்குழந்தைகள், மாடு, கழுதை, ஆடு வரைக்கும் சங்கரித்தார்கள். அமலேக்குக்குக் கர்த்தர் சொன்ன அதே பட்டியல்! அங்கே கர்த்தர் சொன்னபோது மிச்சம் வைத்தவன், இங்கே கர்த்தர் சொல்லாதபோது ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கீழ்ப்படியாமை ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

ஊழியக்காரன் என்ன செய்தாலும் யாரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்பதற்குச் சவுலின் கதையைக் காட்டுகிறவர்கள் சிலர் உண்டு. தாவீது அவன்மேல் கைபோடவில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தச் சேவகர் ராஜாவின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமல்தான் கர்த்தருக்குக் கீழ்ப்படிந்தார்கள். தாவீதும் என்கேதியில் சால்வைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, 3,000 பேர் கேட்க, ராஜாவின் முகத்துக்கு நேரே நியாயத்தைப் பேசினான். பேசிவிட்டு அரண்மனைக்குத் திரும்பிப் போகவில்லை, தன் அரணிப்பான இடத்துக்குத்தான் போனான். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தக் குகையில் தாவீதின் ஆட்கள் என்ன சொன்னார்கள்? கர்த்தர் சொன்ன நாள் இதுதான், முடித்துவிடும் என்றார்கள். சவுல் தனியாக உள்ளே வந்திருக்கிறான், ஒரு வீச்சு போதும். தாவீது செய்யவில்லை. அபிஷேகம் பெற்று எத்தனை வருஷமாயிற்று, காட்டிலும் குகையிலும் அலைகிறான், ஆனாலும் கர்த்தருடைய வேளைக்கு முந்திக்கொண்டு கை நீட்டவில்லை. அவன் ராஜாவானபோது வயது 30. கில்காலில் ஒருவனால் ஒரு பலியின் நேரம் பொறுக்க முடியவில்லை. இவனோ தன் வாலிபத்தையே பொறுமையில் செலவழித்தான். கர்த்தர் சொன்னதைச் செய்வார் என்று ஒருவன் நம்பினான், மற்றவன் நம்பவில்லை.

சாமுவேல் மரித்துப்போனார். பெலிஸ்தர் சூநேமில் வந்து இறங்கினார்கள். சவுல் கில்போவா மலையிலிருந்து பார்த்தான், இருதயம் திடுக்கிட்டது. கர்த்தரிடத்தில் விசாரித்தான். சொப்பனம் இல்லை, ஊரீம் இல்லை, தீர்க்கதரிசி இல்லை. நோபில் ஆசாரியரை வெட்டினவனுக்கு ஊரீம் எங்கேயிருந்து வரும்? தப்பின ஒரே ஆசாரியனாகிய அபியத்தார் ஏபோத்தோடே தாவீதினிடத்தில் அல்லவா இருந்தான்! வேஷம் மாறி, இராத்திரியிலே, எந்தோரில் அஞ்சனம்பார்க்கிற ஸ்திரீயிடத்துக்குப் போனான். அப்படிப்பட்டவர்களைத் தேசத்தைவிட்டுத் துரத்தினவனே அவன்தான். சாமுவேல் மூலமாகக் கேட்டது புதிதாக ஒன்றுமில்லை, பல வருஷத்துக்கு முன்னே சொன்ன அதே வார்த்தைதான். கூடவே நாள் மாத்திரம் குறிக்கப்பட்டது. இராப்பகல் சாப்பிடாதிருந்தவன் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தான். அந்த ஸ்திரீதான் மனமிரங்கி, கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, அப்பம் சுட்டுக் கொடுத்தாள். இஸ்ரவேல் ராஜாவின் கடைசி இராப்போஜனம் அது.

மறுநாள் கில்போவாவில் யோனத்தான், அபினதாப், மல்கிசூவா என்ற மூன்று குமாரரும் விழுந்தார்கள். தகப்பனுடைய கீழ்ப்படியாமைக்கு யோனத்தான் என்ன செய்தான்? ராஜ்யம் தாவீதுக்கு என்று தெரிந்தும் சந்தோஷத்தோடே விட்டுக்கொடுத்த உத்தம மனுஷன். தகப்பனைவிட்டுப் பிரியாமல் அவனோடேகூடச் செத்தான். வில்வீரரால் காயப்பட்ட சவுல் தன் பட்டயத்தை நட்டு அதின்மேல் விழுந்தான். அவன் தலையிலிருந்த முடியை எடுத்துக்கொண்டு, நானே கொன்றேன் என்று தாவீதினிடத்தில் ஓடிவந்தவன் யார் தெரியுமா? ஒரு அமலேக்கியன் (2 சாமு. 1:8).

ஆயிரம் வருஷத்துக்குமேல் கழிந்து, பிசீதியா நாட்டு அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் பென்யமீன் கோத்திரத்தான் ஒருவன் எழுந்து இந்த ராஜாவின் 40 வருஷத்தை ஒரே வசனத்தில் சொல்லி முடித்தான் (அப். 13:21). அவனுக்கும் சவுல் என்றுதான் பேர்.

பெலிஸ்தர் சவுலின் தலையை வெட்டி, உடலைப் பெத்சானின் அலங்கத்தில் தூக்கிப்போட்டார்கள். 11 கோத்திரங்களில் ஒருவரும் கிட்டப் போகவில்லை. அந்தச் செய்தி யோர்தானுக்கு அப்பால் யாபேசுக்குப் போயிற்று. வலதுகண் தப்பினவர்களின் ஊர். அவர்களில் பலசாலிகள் எழுந்து இராமுழுவதும் நடந்து, சவுலின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் அலங்கத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்து தகனித்து, எலும்புகளை ஒரு மரத்தின்கீழ் அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசித்தார்கள்.

வெகுநாள் கழித்து தாவீது ராஜா அந்த எலும்புகளை யாபேசிலிருந்து வாங்கிவந்து, பென்யமீன் தேசத்துச் சேலாவில், கீசின் கல்லறையில் வைத்தான். கழுதைகளைத் தேட மகனை அனுப்பிவிட்டு, மகனைக் காணோமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தகப்பனுடைய கல்லறைதான் அது.